டைரி இல்லாமல் கருவி பொருத்தாதீர்கள்

போன வாரம் ஒரு பயிற்சி டாக்டர் நோயாளியின் கோப்பை நீட்டினார். சிறுநீர்ப்பைக்கான நரம்புத் தூண்டல் சோதனை முடிந்து, "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். "நல்லா இருக்குன்னு சொல்றாங்க சார்" என்றார். நானும் ஒரு காலத்தில் இதே பதிலைத்தான் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அளக்காமல் சோதிப்பது

முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் மூன்றாவது துளை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அங்குள்ள நரம்புக்கு மின்துடிப்பு கொடுக்கிறோம். அவசரக் கசிவுக்கு, அதாவது திடீரென முட்டி அடக்க முடியாமல் சிறுநீர் கசிவதற்கு, இந்தச் சிகிச்சையை அமெரிக்கா 1997-இல் அனுமதித்தது. இதன் பெரிய வசதி, பேட்டரியுள்ள கருவியை உடம்புக்குள் வைப்பதற்கு முன்பே பலன் தருமா என்று பார்த்துவிடலாம். அந்த வசதியைத்தான் வீணாக்குகிறோம்.

சோதனைக்கு முன் மூன்று நாளாவது டைரி வேண்டும்: எத்தனை தடவை போனார், எவ்வளவு மில்லி, எத்தனை கசிவு, எத்தனை பேட். சோதனையின்போதும் அதே கணக்கு. பாதிக்குப் பாதியாவது குறைந்தால்தான் கருவி.

என் நோயாளி ஒரு பள்ளி ஆசிரியை. முன்கணக்கு எடுக்கவில்லை. சோதனை வாரம் முழுக்க விடுப்பில் வீட்டிலிருந்தார். பயத்தில் தண்ணீரையும் குறைத்துவிட்டார். கசிவு குறையாமல் என்ன செய்யும்? "பரவாயில்லை டாக்டர்" என்றார், நம்பிப் பொருத்தினேன். பள்ளிக்குத் திரும்பியதும் பழைய கசிவு. அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பலனில்லை, கடைசியில் கருவியை எடுத்தோம். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. இன்றும் அதை நினைத்தால் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே டைரியில் குடித்த தண்ணீரையும் எழுதச் சொல்லுங்கள். சோதனை நாட்களில் குனிந்து பளு தூக்கக் கூடாது, கம்பி நகர்ந்துவிடும். மற்றபடி வழக்கம்போல நடமாடட்டும், குடிக்கட்டும். முன்கணக்கு இல்லாமல் சோதனை தொடங்கிவிட்டதா? சில நாள் தூண்டலை அணைத்து எழுதச் சொல்லுங்கள். பயிற்சி டாக்டரின் நோயாளிக்கு அதைத்தான் செய்தோம்.

பாதத்தைப் பார்க்காமல் கம்பியை நிறுத்துவது

ஆசனவாய் சுருங்கி, கால் பெருவிரல் மடங்கினால் சரியான இடம். பாதம் முழுக்கத் திரும்பினால் பெரும்பாலும் ஒரு துளை மேலே இருக்கிறீர்கள். கம்பியிலுள்ள நான்கு மின்முனைகளிலும் குறைந்த மின்னோட்டத்திலேயே அசைவு வரும்வரை பொறுமையாக நகர்த்துங்கள்.

அடைப்பைத் தேடாமல் விடுவது

புராஸ்டேட்டோ சிறுநீர்க்குழாய்ச் சுருக்கமோ வழியை அடைத்திருந்தால் இந்தக் கருவி அதைத் திறக்காது.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்காமலிருப்பது

பழைய மாடல்களில் தலைக்கு மட்டும்தான் எடுக்கலாம். முதுகுவலிக்காரரிடம் இதை முதலிலேயே பேசுங்கள்.

டயதெர்மி

பிசியோதெரபியில் கொடுக்கும் இந்த வெப்பச் சிகிச்சை இவர்களுக்கு எங்கேயும் கூடாது. கருவி அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.