விட்ட இடத்தில் மறுபடி பிடிப்பது எப்படி

புதுப் பழக்கத்தைத் தொடங்குவதில் யாருக்கும் குறையில்லை. முதல் வாரம் விடிகாலையில் எழுந்து புது நோட்டில் அட்டவணை போடுவோம். மூன்றாம் வாரம் அந்த நோட்டு எங்கே என்றே தெரியாது. இந்த ஆரம்ப சூரத்தனத்துக்கு மன உறுதி போதாததுதான் காரணம் என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு திட்டத்தில்தான் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே இலக்கு போதும். அதையும் கை, கால் செய்கிற வேலையாக மாற்றி எழுதுங்கள். 'எடையைக் குறைக்கணும்' என்பது வெறும் ஆசை. 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு 20 நிமிடம் நடப்பேன்' என்பது திட்டம். 'இது முடிந்ததும் அது' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிப்பது கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. எந்த வேலையோடு முடிச்சுப் போடுகிறீர்களோ, அது தினமும் தவறாமல் நடப்பதாக இருக்கட்டும். 'நேரம் கிடைக்கும்போது' என்று எழுதினால் அந்த நேரம் வரவே வராது.

அடுத்து, இரண்டு அளவுகள் வையுங்கள். புது மொழி படிப்பவருக்கு வழக்கமான நாளில் 25 நிமிடம். மோசமான நாளில் 2 நிமிடம், அதாவது நேற்றைய பாடத்தை ஒருமுறை வாய்விட்டு வாசிப்பது. தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவிலும் செய்ய முடிகிறதா என்பதுதான் இரண்டாவது அளவுக்குப் பரீட்சை. ஒரு வாரம் நன்றாகப் போனதும் அந்த 2 நிமிடத்தை 10 ஆக்கிவிடுவார்கள். அங்கேதான் சறுக்கும். கூட்டுவதானால் மேல் அளவைக் கூட்டுங்கள், கீழ் அளவைத் தொடாதீர்கள்.

'21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்பதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்துபோக வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று அந்த 12 வாரப் பதிவை வைத்து முன்கூட்டிக் கணித்தார்கள். உடற்பயிற்சி போன்றவை படிய, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட அதிக நாள் பிடித்தது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

அப்படியானால் கெடுப்பது எது? விட்ட மறுநாள். 'முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு' என்ற மனநிலை அன்றைக்குத்தான் வரும். அதனால் விதியை இப்போதே எழுதி வையுங்கள்: ஒரு நாள் விட்டால், மறுநாள் கீழ் அளவையாவது செய்தே ஆகணும். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். 50 நிமிடத்தை நினைத்தே மலைத்து அந்த நாளும் போகும்.

பதிவுக்குச் சுவர் நாட்காட்டி போதும். முழு அளவு செய்த நாளுக்குப் பெருக்கல் குறி, கீழ் அளவுக்கு ஒரு கோடு, விட்ட நாளுக்குக் காரணம் ஒரு சொல்லில். ஒரு நாள் தவறினால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் செயலிகள் உதவுவதைவிட எரிச்சலூட்டுவதே அதிகம். 'மாதத்தில் எத்தனை நாள்' என்று எண்ணுங்கள். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் குறை உங்களிடம் இல்லை, முடிச்சு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. வேறு வேலையோடு போடுங்கள்.

இலக்கையே கைவிடலாமா என்று தோன்றும். தோன்றட்டும். அதை முடிவு செய்ய 4 வாரத்துக்கு ஒரு தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அலுத்துப்போன இரவில் அந்த முடிவை எடுக்காதீர்கள்.