வெளிநாட்டு வேலைக்காக மேலாண்மை முதுகலை: எங்கே கோட்டை விடுகிறோம்?

ஆஸ்திரேலியாவில் ஓராண்டில் முடித்துவிடக்கூடிய எம்.பி.ஏ. படிப்புகள் உண்டு. செலவு மிச்சம், காலம் மிச்சம், பட்டமும் அதே பட்டம்தானே என்று தோன்றும். ஆனால் படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கி வேலை பார்க்க உதவும் 485 விசாவுக்கு, குறைந்தது 92 வாரப் படிப்பை, 16 மாதங்களுக்குக் குறையாமல் அந்த நாட்டிலேயே இருந்து படித்திருக்க வேண்டும். ஓராண்டுப் படிப்பு மட்டும் கையில் இருந்தால் அந்தக் கதவு திறக்காது. வயது வரம்பு வேறு இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு அது 35. பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு 34 வயதில் கிளம்புகிறவர், பட்டம் வாங்கும்போது தனக்கு என்ன வயதாகியிருக்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

அதே ஓராண்டு முதுகலையைக் கனடாவில் படித்தால் கதை வேறு. 2024 பிப்ரவரியிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் குறைந்தது 8 மாத முதுகலைப் பட்டம் முடித்தவர், மற்ற தகுதிகளும் சரியாக இருந்தால், 3 ஆண்டு வேலை அனுமதி கேட்கலாம். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்குள்ள காலேஜ்கள் தரும் 'போஸ்ட் கிராஜுவேட்' மேலாண்மைச் சான்றிதழை முதுகலை என்று நினைத்துக்கொள்வார்கள். இளங்கலைக்குப் பிறகு படிப்பது என்பதற்காக அது முதுகலைப் பட்டம் ஆகிவிடாது. இந்தச் சலுகை பட்டத்துக்குத்தான்.

ஒரே மாதிரிப் படிப்புக்கு ஒரு நாட்டில் 3 ஆண்டு, இன்னொரு நாட்டில் ஒன்றுமில்லை. கல்லூரியின் விளம்பரக் கையேட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. பாடத்திட்டம் இருக்கும், பேராசிரியர்கள் இருப்பார்கள், புல்வெளியில் சிரிக்கும் மாணவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். விசா விதியை நாம்தான் அந்தந்த நாட்டின் குடிவரவுத் துறைப் பக்கத்தில் போய்ப் படிக்க வேண்டும். கல்லூரி முடிவான பிறகு விசாவைப் பார்க்கலாம் என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதைத் தலைகீழாக்க வேண்டும்: எந்த நாட்டில் என்ன வேலை, அந்த வேலைக்கு எந்த அனுமதி, அந்த அனுமதிக்கு எந்தப் படிப்பு, அப்புறம்தான் எந்தக் கல்லூரி.

அமெரிக்காவில் ஆறு இலக்கம்

அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் ஆறு இலக்கக் குறியீட்டு எண் ஒன்று இருக்கிறது. எம்.பி.ஏ. வழக்கமான 52.0201 என்ற எண்ணில் பதிவாகியிருந்தால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராது. மேனேஜ்மென்ட் சயின்ஸ் என்ற 52.1301-இல் பதிவாகியிருந்தால் வரும். வகுப்பறையில் பெரிய வித்தியாசம் தெரியாமல்கூட இருக்கலாம். வெளியே வந்தபின் முதலாமவருக்கு ஓ.பி.டி. எனும் வேலை அனுமதி 12 மாதம். இரண்டாமவருக்கு அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு, ஆக மொத்தம் 36. அதன் பிறகும் அங்கே வேலை பார்க்கப் பெரும்பாலோர் நாடும் எச்-1பி விசாவுக்கான பதிவு ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சில் நடப்பது. ஒருவர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுப் பெட்டி கட்ட வேண்டிவரும். மற்றவருக்கு மூன்று முறை வரை வாய்ப்பு கிடைக்கலாம்.

எல்லாக் கல்லூரிகளும் முழுப் படிப்பையும் ஸ்டெம்மாகப் பதிவதில்லை. சில இடங்களில் குறிப்பிட்ட சிறப்புப் பாடத்தை எடுத்தால் மட்டுமே அந்த எண் கிடைக்கும். அதனால் "உங்கள் படிப்பு ஸ்டெம்மா?" என்று கேட்காமல், "என் ஐ-20 படிவத்தில் (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) எந்த எண் அச்சாகும்?" என்று கேளுங்கள். நீட்டிப்புக் காலத்தில் வேலை தரும் நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை இணைய அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லூரியின் உரிமையாளர் யார் என்பதும் முக்கியம். எச்-1பியில் பொது ஒதுக்கீடு 65,000. அமெரிக்க முதுகலை படித்தவர்களுக்கு அதற்கு மேல் 20,000 இடங்கள். லாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரியில் வாங்கிய முதுகலை இந்த 20,000-க்குள் சேராது.

பிரிட்டனில் பார்க்க வேண்டியது தேதி. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசா, 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிக்கும் முதுகலை முடித்தவர்களுக்கு 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். படிப்பில் என்று சேர்ந்தீர்கள் என்பது கணக்கில்லை, விசாவுக்கு என்று விண்ணப்பிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்பில் சேர்கிறவர் 18 மாதத்தை வைத்தே திட்டமிட வேண்டும். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி கிடைக்க வேண்டும், அவர் தரும் சம்பளம் வரம்பைத் தொட வேண்டும். பொதுவான வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு நுழைபவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய நிறுவனங்களின் கிராஜுவேட் பணிகளுக்கு ஒரு வருடம் முன்னதாக, இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் வாங்கி முடித்துவிடுவது வழக்கம். அதாவது, விமானம் இறங்கிய வாரத்திலேயே வேலை தேடத் தொடங்க வேண்டும். "முதல் செமஸ்டர் முடியட்டும்" என்று காத்திருந்தவர்கள் ஜனவரியில் முழிப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம்.

இன்னொன்று: பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் துபாய் கிளையிலோ ஆன்லைனிலோ படித்து அதே பட்டத்தை வாங்கினாலும் இந்த விசா கிடைக்காது. படிப்பு பிரிட்டனுக்குள் நடந்திருக்க வேண்டும்.

ஒரே உச்சரிப்பு, வேறு பட்டம்

பிரான்ஸில் 'மாஸ்டர்' என்றால் அரசு அங்கீகாரமுள்ள பட்டம்; அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எழுத்தில் லேசாக மாற்றி எழுதும் 'மாஸ்டேர்' அது அல்ல. உச்சரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எம்.பி.ஏ., எம்.எஸ்சி. என்ற சொற்களுக்கு அங்கே பாதுகாப்பு இல்லை, எந்தத் தனியார் பள்ளியும் சூட்டிக்கொள்ளலாம். படிப்புக்குப் பின் வேலை தேடத் தங்கும் அனுமதிக்கு, பட்டம் அரசின் மாஸ்டர் தகுதி பெற்றிருக்க வேண்டும், அல்லது கான்ஃபெரான்ஸ் தே கிராந்த் எகோல் என்ற உயர்கல்விப் பள்ளிகளின் கூட்டமைப்பு முத்திரையிட்ட படிப்பாக இருக்க வேண்டும். ஸ்பெயினிலும் இப்படித்தான்: அரசு ஏற்கும் 'ஒஃபிசியால்' ஒன்று, பல்கலைக்கழகம் தன் பெயரில் தரும் 'ப்ரோப்பியோ' இன்னொன்று. நல்ல பள்ளிகளும் ப்ரோப்பியோ நடத்துகின்றன, அதை மோசடி என்று சொல்ல வரவில்லை. சேரும் முன் எது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் தடை வேறு வடிவில் வரும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டு, பொறியியல் படித்தவர்கள் மேலாண்மை முதுகலைக்கு விண்ணப்பிப்பார்கள். ஆனால் அங்குள்ள வழக்கமான முதுகலை, இளங்கலையின் தொடர்ச்சி. இளங்கலையில் வணிகம், பொருளியல் பாடங்களில் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அது குறைந்தால் நிராகரிப்புதான். பொறியியலாளர்களுக்கென்றே வடிவமைத்த மேலாண்மைப் படிப்புகள் தனியாக இருக்கின்றன, அங்கே முயலலாம். படித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், தாராளம்தான். ஆனால் மேலாண்மை வேலை என்பது மனிதர்களோடு பேசும் வேலை. நிரல் எழுதுபவர் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம். விற்பனை, மனிதவளம், கொள்முதல் பக்கம் போகிறவருக்கு ஜெர்மன் தெரியாமல் 18 மாதம் 18 நாளாகக் கரையும்.

அனுபவமில்லாமல் எம்.பி.ஏ.

கல்லூரியிலிருந்து நேராக எம்.பி.ஏ.வுக்குப் போவது எல்லா நாட்டிலும் எடுபடும் வழி அல்ல. எம்.பி.ஏ. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஆம்பா அமைப்பு, சேர்பவருக்குக் குறைந்தது 3 ஆண்டு வேலை அனுபவத்தை எதிர்பார்க்கிறது. ஐரோப்பாவில் அனுபவமில்லாதவர்களுக்கான படிப்பு 'மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட்'. எம்.பி.ஏ.வுக்குப் பெயர்போன இன்சியாட்கூடப் புதியவர்களுக்கென்று 2020-இல் அதைத் தனியாகத் தொடங்கியது. புதியவர்களை யோசிக்காமல் எம்.பி.ஏ.வில் சேர்க்கும் இடம் என்றால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முதலாளியும் அப்படியே பார்ப்பார்: மேலாளர் பதவிக்கு அனுபவம் போதாது, தொடக்க நிலைப் பதவிக்கு இந்தப் பட்டம் எதற்கு என்று.

அனுபவம் இருப்பவர்கள் துறை மாற விரும்பினால் கால அளவைப் பார்க்க வேண்டும். இரண்டாண்டு எம்.பி.ஏ.வில் நடுவே கோடைக்காலப் பயிற்சி உண்டு. முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் பலரை அதன் வழியாகவே எடுக்கின்றன. ஓராண்டுப் படிப்பில் அது பெரும்பாலும் இல்லை. அதே துறையில் மேலே போகிறவருக்கு ஓராண்டு போதும்.

சம்பளப் பட்டியல்

ஃபைனான்ஷியல் டைம்ஸ் எம்.பி.ஏ. தரவரிசையில் டாலரில் தெரியும் சம்பளம், வங்கியில் வரும் தொகை அல்ல. பட்டம் பெற்று 3 ஆண்டு கழித்து முன்னாள் மாணவர்கள் சொன்னதை, வாங்கும் சக்திக்கு ஏற்ப மாற்றிப் போட்ட எண் அது. விலைவாசி குறைந்த நாட்டில் வேலை செய்பவரின் சம்பளம் அதில் பெருத்துத் தெரியும். அதை அப்படியே கல்விக் கடன் தவணையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

"95 சதவீதம் வேலைவாய்ப்பு" என்று ஒரு கல்லூரி போட்டிருந்தால், எதில் 95 என்று கேளுங்கள். வேலை தேடியவர்களில் மட்டும் கணக்கிடுவது வழக்கம்; தகவல் தராதவர்களை விட்டுவிடுவதும் உண்டு. அதில் உள்ளூர்க் குடியுரிமை உள்ளவர்கள் எத்தனை பேர், விசா தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துக் கேட்டால் பதில் சுருங்கிவிடும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியில் இரண்டு வருடம் முன் அதே படிப்பை முடித்த, விசா தேவைப்பட்ட இருபது பேரைத் தேடி, இப்போது எந்த நாட்டில் என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். இருபதில் பன்னிரண்டு பேர் புறப்பட்ட நாட்டுக்கே திரும்பியிருந்தால், அவர்களில் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பி ஏன் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள்.