ஆத்தங்குடிக் கல்லில் சலவைக்கல் ரேகை வார்ப்பது எப்படி

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் சிமென்ட் ஊற்றிக் கையால் வார்க்கும் தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல். அதைச் சொன்னதும் அச்சு வைத்துப் போட்ட பூதான் நினைவுக்கு வரும். அச்சே இல்லாமல், சாயத்தைக் கையால் ஓடவிட்டு, சலவைக்கல் ரேகையையும் அதே கண்ணாடியில் எடுக்கலாம். ஆனால் ஊற்றும்போது மேலே தெரிவது கல்லின் முகம் அல்ல. கண்ணாடியைத் தொட்டுக் கிடக்கும் அடிப்பக்கம்தான் முகம். துருக்கியரின் எப்ரு என்னும் ரேகைக் காகிதத்தில் தண்ணீர்மேல் மிதக்கும் சாயத்தைத் தாள் ஒற்றி எடுக்கும். இங்கே முதலில் விழுந்த சொட்டே கடைசிவரை நிற்கும்.

8 அங்குலக் கல்லுக்கு வெள்ளை சிமென்ட் 100 கிராம், சலித்த சலவைக்கல் தூள் 50 கிராம், தண்ணீர் 65 மில்லி. பாதியை அடிநிறமாக வைத்துக்கொண்டு, மீதியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மஞ்சளும் மற்றதில் காவியும் கலக்கவும். இந்தச் சாயங்கள் இரும்பு ஆக்சைடு, அது சேரும் சிமென்டின் எடையில் நூற்றுக்கு 5 போதும். 10-ஐத் தாண்டினால் கல் வலுவிழக்கும். பதம் தோசைமாவு போல. தண்ணீர் கூடினால் நிறங்கள் கலங்கிவிடும், காய்ந்தபின் மயிரிழை விரிசலும் விடும்.

கண்ணாடியை நன்றாகத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை மட்டும் தடவவும். எண்ணெய் தேங்கிய இடமும் விரல் பட்ட இடமும் கல்லில் மங்கலாகத் தெரியும். கல்லின் அளவுள்ள சட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்து, முதலில் மஞ்சளையும் காவியையும் நூலாக இழுத்து ஊற்றி, பிறகு அடிநிறத்தை இடைவெளிகளில் தாழ்வாக விடவும். உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று புகுந்து ஊசித்துளை விழும். ஈர்க்குச்சி நுனி கண்ணாடியைத் தொடும்படி இரண்டு மூன்று இழுப்பு. அதோடு கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கிண்டினால் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும்.

உடனே சிமென்ட் 1, மணல் 2 என்ற உலர்கலவையைச் சல்லடையால் தூவவும். அது சாயத்தின் ஈரத்தை உறிஞ்சி ரேகையை இறுக்கும். கைப்பிடியாக அள்ளிக் கொட்டினால் ரேகை நகர்ந்துவிடும். அதன்மேல் 1:3 ஈரக்கலவை, மொத்தம் 20 மில்லிமீட்டர் வரை. கரணையால் அழுத்திச் சமப்படுத்தவும்.

ஒருநாள் நிழலில் இருக்கட்டும். பிறகு கண்ணாடியோடு தொட்டியில் ஊறவைத்து, நிழலிலேயே உலர்த்தினால் கண்ணாடி கழன்று வரும். வராவிட்டால் கத்தியால் நெம்பக் கூடாது, மறுபடி ஊறப்போடவும். காரைக்குடி வெயிலில் காயவைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து வெடிக்கும்.

ஒரு கல்லைப்போல் இன்னொன்று வராது. ஆகவே பதிக்கும் முன் கற்களைத் தரையில் பரப்பி, ரேகை ஓடும் திசையைப் பார்த்து அடுக்கவும். பதித்தபின் சிமென்ட் கறை எடுக்க ஆசிட் ஊற்றினால் பளபளப்பு போய்விடும். கறை ஈரமாக இருக்கும்போதே துடைக்கவும்.