தோற்றுக்கொண்டிருக்கும் ரக்பி லீக் அணியில் உழைக்கும் பழக்கத்தை வளர்ப்பது எப்படி

புள்ளிப்பட்டியலின் அடியில் கிடக்கும் ஓர் அணியைப் பொறுப்பேற்கும் பயிற்சியாளருக்கு முதலில் தோன்றுவது, பயிற்சி நேரத்தைக் கூட்டுவதுதான். அதில் தவறில்லை, ஆனால் அது மட்டுமே போதும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த பருவத்தைப் பார்ப்பதில்லை. சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸ் அணி 2021இல் ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் தொடரில் கடைசி இடம் பெற்றது. பென்ரித் பேந்தர்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்த கேமரூன் சிரால்டோ 2023இல் புல்டாக்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் ஆண்டில் 17 அணிகளுள் 15ஆம் இடமே கிடைத்தது. பயிற்சி அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கிறது என்ற முணுமுணுப்பு நாளிதழ்கள் வரை சென்றது. மறு ஆண்டே அணி 6ஆம் இடத்துக்கு ஏறி, 2016க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வழிமுறைகளைப் படிப்பது பயன் தரும்.

உழைப்பு என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். "இன்னும் உழையுங்கள்" என்று உடைமாற்றும் அறையில் முழங்குவதால் யாருக்கும் எதுவும் விளங்காது. அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி லீக்கில், பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவதே டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்கள் வரை வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும், பந்துக்கு எதிரே நிற்கும் இருவரைத் தவிர, தடுக்கும் அணியினர் 10 மீட்டர் பின்வாங்கி, வரிசையாக நின்று, மீண்டும் முன்னேறி வர வேண்டும். 80 நிமிடங்களில் இது எத்தனை முறை நிகழ்கிறது என்று எண்ணிப் பார்த்தால், ஆட்டம் எங்கே தோற்கப்படுகிறது என்பது தெரியும். ஆகவே உழைப்பு என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய நான்கைந்து செயல்களாகப் பிரியுங்கள்: டேக்கிள் செய்தவர் எவ்வளவு விரைவில் தரையிலிருந்து எழுகிறார், 10 மீட்டர் பின்வாங்கும்போது ஓடுகிறாரா நடக்கிறாரா, உதைத்த பந்தை எத்தனை பேர் துரத்துகிறார்கள், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்த ஃபுல்பேக்குக்கு (வரிசைக்குப் பின்னால் கடைசியாக நிற்பவருக்கு) உதவ யார் திரும்பி ஓடுகிறார்கள். இவற்றில் எதற்கும் திறமை தேவையில்லை என்பதுதான் இவற்றின் சிறப்பு. திறமை குறைந்த அணி நாளையே சரிசெய்யக்கூடியவை இவைதாம்.

அடுத்து, எண்ணுங்கள். தொலைக்காட்சிப் படம் பந்தின் பின்னாலேயே போவதால், பந்தில்லாத பன்னிரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்பது அதில் தெரியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடத்திலிருந்து முழு அகலமும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். சிறிய மாவட்ட அணியாக இருந்தால் ஒரு கைப்பேசியே போதும். ஆட்டம் முடிந்த ஓரிரு நாளில் அதை அணிக்குப் போட்டுக் காட்டும்போது, முதலில் அணித்தலைவர் நடந்து திரும்பிய காட்சியைக் காட்டுங்கள். இளையவரின் பிழையில் தொடங்கினால் அந்த அறை வழக்குமன்றமாகிவிடும். மூத்தவரிடமிருந்து தொடங்கினால் மற்றவர்கள் தாமாகவே தங்கள் பிழையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

பயிற்சியையும் இதே அளவுகோலில் அமையுங்கள். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதைவிட, மல்லுக்கட்டு, உடனே எழுந்து 10 மீட்டர் பின்வாங்குதல், உடனே பந்தோடு ஒரு முடிவெடுத்தல் என்று தொடர்ச்சியாகச் சிறு சிறு சுற்றுகள் வைப்பது நல்லது. மூச்சு வாங்கும் நேரத்தில் சரியாக நிற்பதுதானே ஆட்டத்தில் தேவைப்படுவது. தண்டனையாக ஓட்டத்தைக் கொடுப்பதை மட்டும் கைவிடுங்கள். ஓடுவது தண்டனை என்று நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் விரும்பி ஓடச் சொல்வது எப்படி? பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகச் சக வீரர்களோடு ஒருவர் பின் ஒருவராக மல்லுக்கட்ட வைத்தார்கள் என்று புல்டாக்ஸ் வீரர் ஒருவர் குற்றஞ்சாட்டி, பின்னர் நீதிமன்றம் சென்றதை மறக்க வேண்டாம். கடுமைக்கும் அவமானத்துக்கும் இடையிலுள்ள கோடு எங்கே என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே, வீரர்களையும் வைத்துக்கொண்டு, எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மெல்போர்ன் ஸ்டார்ம் அணியை 2003 முதல் நடத்திவரும் கிரெய்க் பெல்லாமி, புதிதாக வரும் வீரர்களைச் சில நாட்கள் கூலி வேலைக்கு அனுப்பும் வழக்கம் உடையவர். அதைப் பார்த்துப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்த வேலை தண்டனை அன்று, பெயர் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி எல்லாப் புதியவர்களும் கடக்கும் வாசல் அது.

இனி மிகக் கடினமான பகுதி, அணித் தேர்வு. நீங்கள் சொல்வதை வீரர்கள் காதில் வாங்குவார்கள். ஆனால் நம்புவது, செவ்வாய்க்கிழமை வெளியாகும் பெயர்ப் பட்டியலை மட்டுமே. பந்தைத் துரத்தாத நட்சத்திர வீரர் மூன்றாவது வாரமும் அதே சட்டை எண்ணோடு இறங்கினால், நீங்கள் எடுத்த காணொளிகளை யாரும் மதிக்க மாட்டார்கள். ஒருமுறையாவது அவரை வெளியே உட்கார வையுங்கள். ஆனால் அதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசி, எந்த எண்ணிக்கை மாறினால் திரும்ப வரலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆள் சேர்ப்பிலும் இதுவே விதி. 2024 பருவத்துக்கு முன் புல்டாக்ஸ் சேர்த்தவர்களில் பென்ரித்திலிருந்து வந்து அணித்தலைவரான ஸ்டீபன் கிரைட்டன் பெரிய பெயர். கர்ட் மான், ஜோஷ் கரன், கானர் டிரேசி போன்றவர்களோ பல இடங்களில் ஆடக்கூடிய, சலிக்காமல் உழைக்கும் வீரர்கள். தோற்கும் அணியில் ஒரு பெரிய பெயருக்குச் செலவிடும் பணத்தில் இப்படி மூவரைச் சேர்ப்பதே என் பார்வையில் நல்ல பேரம்.

உடல் சுமையை மெல்ல ஏற்றுங்கள். நவம்பரில் தொடங்கும் முன்பருவத்தில், சிட்னியின் கோடை வெயிலில், முதல் வாரமே எல்லாவற்றையும் கொட்டினால் தொடைத்தசைக் கிழிவுகளோடுதான் மார்ச்சில் களமிறங்குவீர்கள்.

முன்னேற்றத்தை வெற்றிகளால் மட்டும் அளக்காதீர்கள். தொடக்கத்தில் அவை வராது. நீங்கள் எடுத்த புள்ளிகளைவிட, எதிரணிக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகளைப் பாருங்கள். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற பென்ரித், அந்த முதல் ஆண்டின் வழக்கமான 24 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 286 புள்ளிகள் மட்டுமே. அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு: 20 புள்ளிகள் பின்தங்கிய ஆட்டத்தின் 75ஆம் நிமிடத்தில், எதிரணி வீரர் ஒருவர் வரிசையை உடைத்துத் தனியாக ஓடும்போது, அவர் பின்னால் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று படத்தை நிறுத்தி எண்ணுங்கள், முதல் மாதத்தில் ஒருவர் இருந்தால், மூன்றாம் மாதத்தில் நால்வர் இருக்க வேண்டும்.