'கோபமாக' என்றால் ஆங்ரியா, ஆங்ரிலியா?

'தி கறி ஸ்மெல்ஸ் நைஸ்லி' என்று மகனை எழுதச் சொன்னதே நான்தான். இங்கே மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் படிக்கிறான். நோட்டு திரும்பி வந்தபோது 'லி'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சுங்கை சிப்புட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு மானம் போயிற்று. எங்கே 'லி' வேண்டும், எங்கே கூடாது என்று அன்று இரவே உட்கார்ந்து பிடித்த வழி இது. அட்ஜெக்டிவ், அட்வெர்ப் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி. லிங்கிங் வெர்ப் ஒரு செயலையும் சொல்லாது; எழுவாயை அதன் விவரத்தோடு கோத்துவிடும், அவ்வளவுதான். 'ஷி இஸ் எ டீச்சர்.' தமிழில் 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் முடிக்கிறோம். மலாயிலும் 'டியா குரு' போதும். அதனால் நம் பிள்ளை 'ஷி டீச்சர்' என்று எழுதினால் திட்டாதீர்கள்.

இரண்டாவது, 'இஸ்', 'வாஸ்' குடும்பத்தோடு 'பிகம்', 'சீம்' இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். ('ஷி இஸ் ரன்னிங்' என்பதில் 'இஸ்' வெறும் துணைவினை.)

மூன்றாவது, லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட். இவை இரட்டை வேஷக்காரர்கள். 'அம்மா டேஸ்டட் தி ரசம்' என்றால் அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். 'தி ரசம் டேஸ்டட் சவர்' என்றால் ரசம் புளித்தது. வினையை எடுத்துவிட்டு 'வாஸ்' போடுங்கள். 'தி ரசம் வாஸ் சவர்', சரி; இப்படிப் பொருந்தினால் அது லிங்கிங் வெர்ப், பின்னால் 'லி' இல்லாத அட்ஜெக்டிவ்தான். 'அம்மா வாஸ் தி ரசம்' என்றால் அம்மாவே ரசமாகிவிடுவார்.

நான் சறுக்கியது இதற்கு அப்புறம்தான். 'எப்படி' என்ற கேள்விக்கு வரும் பதில் அட்வெர்ப் என்று படித்திருந்தேன். கறி எப்படி மணக்கிறது? நன்றாக. அப்படியென்றால் நைஸ்லி! கெடுத்தது நம் 'ஆக'தான். 'அவள் கோபமாக இருந்தாள்', 'அவள் கோபமாகப் பார்த்தாள்', இரண்டிலும் அதே 'கோபமாக'. ஆங்கிலம் பிரித்துவிடும். 'ஷி லுக்ட் ஆங்ரி': முகத்தில் கோபம் தெரிந்தது. 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் மி': என்னை முறைத்தாள். அந்த 'ஆக' ஆளைச் சொல்கிறதா, செயலைச் சொல்கிறதா என்று கேளுங்கள். ஆளை என்றால் 'லி' வேண்டாம். கறியும் ஆள்தான்.

கைப்பேசி மொழிபெயர்ப்பு இதற்கு உதவாது. பொருள் கிடைக்கும், வினையின் வகை கிடைக்காது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டுங்கள், 'லிங்கிங் வெர்ப்' என்றே குறித்திருப்பார்கள்.

பின்சேர்க்கை: 'ஐ ஃபீல் வெல்' தவறா என்று ஒருவர் கேட்டார். இல்லை, உடல்நலத்தைச் சொல்லும்போது 'வெல்' அட்ஜெக்டிவ். இன்னொருவர், தோட்டத்தில் வளர்ந்தவர், பிப்ரவரி வாக்கில் பால்மரத்து (ரப்பர் மரத்து) இலை சிவப்பதை வைத்து மடக்கினார். 'தி லீவ்ஸ் டர்ன் ரெட்' என்பதில் 'ஆர்' போட்டால் சிவக்கிற கட்டமே காணாமல் போகிறதே? உண்மைதான். 'டர்ன்', 'க்ரோ', 'கெட்' மூன்றுக்கும் 'பிகம்' போட்டுப் பாருங்கள். 'தி லீவ்ஸ் பிகம் ரெட்', சரி. 'ஹி டர்ன்ட் தி கீ' என்பதில் போட்டால் மனிதர் சாவியாகிவிடுவார், அம்மா ரசமான மாதிரி.