சிறு பிள்ளைகளோடு சிங்கப்பூர் வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். குடை, தொப்பி, மாற்றுடை ஆகியவற்றைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. பெற்றோர் அவற்றை மறப்பதில்லை. முதன்முறை வருவோர் ஆண்டுதோறும் மாறாமல் செய்யும் சில தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இறங்கிய நாளையே சுற்றும் நாளாகக் கணக்கிடுவது

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானத்தையே பலர் விரும்புகிறார்கள். பகல் வீணாகாது, ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பிள்ளையின் உறக்கம் அதில் சேருவதே இல்லை. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சிங்கப்பூர் நேரமோ இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இரவு 11.30 மணிக்குப் புறப்பட்டவர்கள் காலை 6 மணியளவில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது ஊரில் விடிகாலை 3.30 தான். சாப்பாடு, அறிவிப்பு, விளக்கு என்று போனது போகப் பிள்ளை இரண்டு மணி நேரம் உறங்கியிருந்தால் அதிகம். விடுதி அறையோ பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். எனவே பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, தேதி குறித்து முன்பே வாங்கிய நுழைவுச்சீட்டுகளோடு நேரே விலங்குத் தோட்டம் இருக்கும் மண்டாய்க்கோ, கேளிக்கைத் தீவான செந்தோசாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் நான்கு வயதுப் பெண், விலங்குத் தோட்டத்தில் தலைக்கு மேலே ஒராங் ஊத்தான் கயிறு பற்றிக் கடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலில் செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் தள்ளுவண்டியில் உறங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பும்மா, இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம்" என்று தந்தை சொல்ல, தாய் ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தார். விழித்தவள் அழுது அழுது, உச்சி வெயிலில் வாந்தி எடுத்தாள். மறுநாள் காய்ச்சலோடு அறையிலேயே கழிந்தது. அன்றைக்கு வாங்கியிருந்த சீட்டுகளும் போயின. ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் செலவை இழந்தார்கள். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இதே காட்சியை மீண்டும் மீண்டும் காண்பது எனக்கு இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏனெனில் துன்பப்படுவது பிள்ளை.

முடிந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்து, விடிகாலையில்தான் வருவோம் என்று விடுதிக்குத் தெரிவித்துவிடுங்கள். அல்லது பகல் விமானத்தில் வாருங்கள். இரண்டும் இயலாதெனில், முதல் நாளில் சீட்டு வாங்க வேண்டிய இடம் எதையும் வைக்காதீர்கள்.

பிள்ளையின் நேரத்தை மாற்ற முயல்வது

நான்கைந்து நாள் பயணத்துக்கு இது தேவையே இல்லை. இங்கே காலை 7 மணிக்கு எழுப்பினால் பிள்ளையின் உடலுக்கு அது 4.30 மணி. பத்து மணிக்குமேல் கிளம்புங்கள்; மதிய உணவுக்குப் பின் அறைக்குத் திரும்பி 3 முதல் 5 மணிவரை உறங்க விடுங்கள். வெயிலும் இடிமழையும் மிகுந்த நேரம் அது. வெளியே இல்லாததில் இழப்பு ஒன்றுமில்லை. இந்த ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறத்தாழ 7 மணிக்கு. கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) இரவு 8.45 மணிக்கு நடக்கும் கட்டணமில்லா ஒளிக்காட்சி, இந்தியக் கணக்கில் மாலை 6.15 தான், பிள்ளைகள் அதை உற்சாகத்தோடு பார்ப்பதை நான் வழக்கமாகக் காண்கிறேன்.

மண்டாயும் செந்தோசாவும் ஒரே நாளில்

ஒன்று தீவின் வடக்கே, மற்றது தெற்கே. வேண்டாம்.

சீட்டு வாங்கும் இடங்களை மட்டுமே நம்புவது

பூமலை என்று இங்கே அழைக்கப்படும் தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கரையோரப் பூந்தோட்டங்களின் சிறுவர் தோட்டத்தில் நீர் விளையாட்டும் உண்டு, அதற்கும் கட்டணம் இல்லை. அரை மணியில் பிள்ளை சோர்ந்தாலும் எழுந்து வந்துவிடலாம். கொடுத்த காசுக்காக அங்கே எவரையும் இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

கார் இருக்கை

1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் உரிய பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்பது சட்டம். டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. செயலி வழி அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. இது தெரியாமல் விமான நிலையத்தில் காரை அழைத்துவிட்டு, ஓட்டுநர் ஏற்ற மறுத்ததும் அவரிடம் சண்டை பிடிப்பவர்கள் பலர். இருக்கையோடு வரும் காரைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் டாக்சி வரிசையில் நில்லுங்கள்.

ரயிலில் தீனி

எம்ஆர்டி ரயிலில் உண்ணவும் கூடாது, பருகவும் கூடாது. அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. பிள்ளைக்குத் தர வேண்டியதை நிலையத்துக்குள் நுழையுமுன் கொடுத்துவிடுங்கள்.