வண்ணத்துக்கு முன் வீட்டுரிமை: நலிந்த நகரப்பகுதிகளை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நலிந்துபோன ஒரு நகரப்பகுதி மீண்டும் தழைப்பது அப்படியொன்றும் அரிய நிகழ்வு அன்று. கெட்ட காலத்தில் அங்கே தாக்குப்பிடித்தவர்கள் நல்ல காலத்திலும் அங்கேயே வாழ்வதுதான் அரிது. தெருக்கள் சீராகி, கடைகள் பெருகி, நாளிதழ்கள் பாராட்டி எழுதும் நேரத்தில், அந்தத் தெருவில் இருபது ஆண்டுகள் குடியிருந்தவர் வாடகை கட்ட முடியாமல் நகரின் மறுகோடிக்குப் போயிருப்பார். இந்த முடிவுக்குக் கொண்டுவிடும் தவறுகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை. செய்ய வேண்டியவற்றை முறை மாற்றிச் செய்வதாலேயே நேர்கின்றன என்பது என் கருத்து.

முதல் தவறு, அந்தப் பகுதியை வெளியிலிருந்து பார்த்து எடைபோடுவது. பழைய கட்டடங்கள், நெருக்கமான வீடுகள், குறைந்த வருமானம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதைச் சேரி என்று முத்திரையிட்டு இடித்துவிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளில் இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் பகுதி இப்படித்தான் 1958 முதல் இடிக்கப்பட்டது. குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டு, அந்த நிலத்தில் வசதி படைத்தோருக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. வெளியேறியவர்களைப் பின்னர் ஆய்வு செய்த உளவியலாளர் மார்க் ஃப்ரீட், நெருங்கிய உறவினரை இழந்தவர்களிடம் காணப்படும் துயரத்தை ஒத்த ஒன்றை அவர்களிடம் கண்டார். அதே நகரில், ஏறத்தாழ அதே தோற்றத்தில் இருந்த நார்த் எண்ட் பகுதியையும் வங்கிகள் சேரி என்று கருதிக் கடன் தர மறுத்தன. அங்கிருந்தவர்களோ தங்கள் சேமிப்பையும் தங்களுக்குள் இருந்த கைத்தொழில் திறனையும் கொண்டு வீடுகளைத் தாங்களே படிப்படியாகப் புதுப்பித்துக்கொண்டார்கள். கட்டடத்தின் வயதை மட்டும் பார்த்த கணக்கெடுப்புக்கு இந்த இரண்டு இடங்களிலும் குறைகள்தான் தெரிந்தன. அங்கே யாருக்கு யார் துணை, எந்தக் கடைக்காரர் யாருக்குக் கடன் தருகிறார், எந்தத் தெருவில் கொத்தனாரும் தச்சரும் இருக்கிறார்கள் என்ற விவரங்கள் தெரியவில்லை. ஒரு பகுதியில் இல்லாதவற்றைப் பட்டியலிடுமுன் இருப்பவற்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, வரைபடம் முடிந்த பிறகு மக்களைக் கேட்பது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற பெயரில் நடப்பவற்றுள் பல, முடிவான திட்டத்துக்குக் கைதட்டல் வாங்கும் கூட்டங்களே. நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதையைப் பூங்காவாக்கிய ஹை லைன் திட்டம் 2009-இல் திறக்கப்பட்டபோது உலகமே புகழ்ந்தது. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒன்றைச் சொன்னார்: அருகில் இருந்த குறைந்த வாடகை அரசுக் குடியிருப்பு மக்களிடம் பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்களே ஒழிய, உங்களுக்கு எது தேவை என்று கேட்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது வேலையும் கட்டுப்படியாகும் வாழ்க்கைச் செலவும். பூங்காவின் நடைபாதை எந்தப் பொருளால் அமைய வேண்டும் என்பது அவர்களுடைய கவலையாக இருக்கவில்லை.

கேட்பதைவிட ஒரு படி மேலானது, முடிவெடுக்கும் இடத்தில் அவர்களையே உட்கார வைப்பது. பாஸ்டனின் டட்லி தெருப் பகுதியில் 1984-இல் ஓர் அறக்கட்டளையும் சில சேவை நிறுவனங்களும் மீட்புத் திட்டம் ஒன்றைத் தீட்டத் தொடங்கி, பின்னர் மக்கள் முன் வைத்தன. நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குச் சில இடங்களே ஒதுக்கப்பட்டிருந்ததை முதல் கூட்டத்திலேயே மக்கள் எதிர்த்தார்கள். அமைப்பாளர்கள் அதை ஏற்றுக் குடியிருப்போரே பெரும்பான்மையாக இருக்கும்படி குழுவை மாற்றி அமைத்தார்கள். அந்தக் குழு முதலில் கையில் எடுத்தது எந்தப் பெருந்திட்டத்தையும் அன்று. காலி மனைகளில் வெளியார் கொட்டிவந்த குப்பையை நிறுத்தும் போராட்டத்தையே அது முதலில் நடத்தியது. எளிதில் கண்ணுக்குத் தெரியும் ஒரு வெற்றி முதலில் கிடைத்ததால்தான், அதன் பின்னர் வந்த நீண்ட, சலிப்பூட்டும் நில விவகாரங்களுக்கு ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள்.

இனி நில விவகாரம். மற்ற எல்லாத் தவறுகளையும் பிறகு திருத்தலாம். இதை மட்டும் காலம் கடந்தபின் திருத்தவே முடியாது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பகுதியில் பூங்கா, ரயில் நிலையம், சுத்தமான கால்வாய் என்று எது வந்தாலும் அதன் பயன் முதலில் நில விலையில்தான் ஏறும். சொந்த வீடு உள்ளவருக்கு அது ஆதாயம். சொத்து வரி கூடினால் அவருக்கும் அது பாதி ஆதாயமே. வாடகைதாரருக்கோ அது ஒரு நோட்டீஸ். ஆவணம் இல்லாமல் குடியிருப்பவருக்கு அந்த நோட்டீஸ்கூட வராது. ஆகவே திட்டத்தை அறிவித்து, வேலையைத் தொடங்கி, விலை ஏறியபின் கட்டுப்படியாகும் வீடுகளுக்கு நிலம் தேடுவது தலைகீழ் முறை. நிலம் மலிவாகக் கிடைப்பது யாரும் அந்தப் பகுதியைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் மட்டுமே.

இந்த முறையைச் சரியாகப் பிடித்தவர்களுள் முக்கியமானவர்கள் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில், மார்ட்டின் பெனா கால்வாயோரக் குடியிருப்பு மக்கள். தூர்ந்துபோன அந்தக் கால்வாய் மழைக்காலத்தில் கழிவுநீரோடு வீடுகளுக்குள் புகுந்தது. தூர்வாரினால் வெள்ளம் நிற்கும்; ஆனால் நகரின் நிதி மையத்துக்கு அருகில் இருக்கும் அந்த நிலத்தின் மதிப்பு எகிறி, வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் விலைக்குத் தப்ப முடியாமல் போவார்கள் என்பதைக் குடியிருப்போர் முன்கூட்டியே கண்டார்கள். எனவே கால்வாய்க்கு முன் நிலத்துக்கு வழி தேடினார்கள். 2004-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் மூலம் அங்கிருந்த அரசு நிலம் சமூக நில அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 2009-இல் அந்த நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது; மக்கள் போராடி 2013-இல் அதை மீட்டார்கள். சட்டம் இயற்றியதோடு வேலை முடிந்தது என்று யாரும் ஓய்ந்துவிட முடியாது என்பதையும் இதே ஊர் காட்டுகிறது.

சமூக நில அறக்கட்டளை இயங்கும் விதம் எளிது. நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதன் மேலுள்ள வீடு குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பம் நிலத்தை நீண்டகாலக் குத்தகையில் வைத்திருக்கும். வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். வீட்டை விற்கும் விலைக்குப் பல அறக்கட்டளைகள் முன்பே ஒரு வரம்பு வைத்திருப்பதால், அடுத்து வாங்குபவரும் எளிய வருமானக்காரராக இருக்க முடியும். டட்லி தெருவிலும் இந்த ஏற்பாடே நிலைத்தது. 1988-இல் அந்தக் குடியிருப்போர் அமைப்புக்கு, ஒரு வரையறுத்த பரப்பில் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர மறுசீரமைப்பு ஆணையம் வழங்கியது. பொதுவாக மக்களை வெளியேற்றப் பயன்படும் அதே அதிகாரம் அங்கே அவர்களைத் தங்க வைக்கப் பயன்பட்டது. எல்லா நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தராது. அப்படி இடம் தராதபோது வாடகை உயர்வுக்கு வரம்பு, அரசு நிலத்தை ஏலம் விடாமல் குத்தகைக்கு விடுதல், கூட்டுறவு வீட்டுச் சங்கம் என்று சட்டம் அனுமதிக்கும் வேறு கதவைத் தட்ட வேண்டும். கதவே தட்டாமல் பூங்காவைக் கட்டத் தொடங்கக் கூடாது.

சுவரோவியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செலவு குறைவு, புகைப்படத்துக்கு அழகு என்பதால் நகர நிர்வாகங்களுக்கு அவற்றின் மேல் தனி மோகம் உண்டு. சியோல் நகரின் இஹ்வா மேட்டுக் குடியிருப்பில் 2006-இல் ஒரு பொதுக் கலைத் திட்டத்தின்கீழ் சுவர்களிலும் படிக்கட்டுகளிலும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். இரவு பகலாகச் சத்தம், குப்பை, வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் கேமராக்கள். பொறுமை இழந்த குடியிருப்போர் சிலர் 2016-இல் புகழ்பெற்ற படிக்கட்டு ஓவியங்களின் மேல் தாங்களே வண்ணம் பூசி அழித்தார்கள். வருமானம் ஒருசில கடைகளுக்கும் தொல்லை எல்லா வீடுகளுக்கும் என்று பிரிந்துவிட்ட இடத்தில் இது வியப்புக்குரியது அன்று.

ஓவியத்துக்கு முன் மண்ணுக்கடியில் பார்க்க வேண்டும். பாகிஸ்தானின் கராச்சி நகரில், ஓரங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முன்னோடித் திட்டம் தெருச் சாக்கடையையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சந்திலும் உள்ள வீடுகள் ஒன்றுசேர்ந்து தங்கள் கழிப்பறைக்கும் சந்துக் குழாய்க்கும் தாங்களே செலவு செய்து தாங்களே பதித்தார்கள். பெரிய வடிகால்கள் அரசின் பொறுப்பு. ஒப்பந்ததாரரின் இடைலாபம் இல்லாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் குழாய்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறவில்லை. ஆனால் தன் பணத்தையும் உழைப்பையும் புதைத்த தெருவை விட்டு யாரும் எளிதில் போவதில்லை.

திறப்பு விழாவுக்கு நிதி ஒதுக்கிவிட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்காமல் விடுவது பழகிப்போன தவறு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 33 கட்டடங்களாக எழுந்த ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு 1950-களின் நடுவில் நிறைவடைந்தது. 1972-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். கட்டடக்கலையின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டாலும், பராமரிப்புச் செலவு முழுவதையும் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதன் வீழ்ச்சிக்கு ஒரு பெரிய காரணம். நகரின் மக்கள்தொகை சுருங்கி வீடுகள் காலியானபோது வாடகை குறைந்தது. வாடகை குறைய லிஃப்டுகளும் குழாய்களும் பழுதாகிக் கிடந்தன. அதனால் இன்னும் பலர் வெளியேறினார்கள். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004-இல் மலைக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் விட்டு ஏழைப் பகுதிகளை நகரத்தோடு இணைத்ததற்காகத் தகுதியான பாராட்டைப் பெற்றது. அதே பாதையின் அருகே 2007-இல் திறக்கப்பட்ட பெரிய நூலகம் மட்டும் கட்டுமானக் குறைகளால் பின்னர் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது.

பிழைப்பை மறப்பதும் உண்டு. சியோலில் மேம்பாலச் சாலையை அகற்றிச் சியோங்கியேசியோன் ஓடையை 2005-இல் மீட்டெடுத்தது வியக்கத்தக்க பணிதான். ஆனால் அங்கிருந்த தெருவோர வியாபாரிகள் ஒரு பழைய விளையாட்டரங்குக்கு அனுப்பப்பட்டு, அந்த அரங்கும் இடிபட்டபோது மீண்டும் இடம் மாற நேர்ந்தது. தள்ளுவண்டி நிற்க இடம், பட்டறைக்குச் சத்த அனுமதி, சிறு கடைக்கு நீண்ட குத்தகை ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெறாவிட்டால், வீடு கிடைத்தவருக்கும் அந்தப் பகுதியில் தங்கும் காரணம் இல்லாமல் போகும்.

கடைசியாக, அளவுகோல். நில விலை ஏற்றம், புதிய கடைகளின் எண்ணிக்கை, குறைந்துவிட்ட வறுமை விகிதம் ஆகியவையே பெரும்பாலான அறிக்கைகளில் வெற்றியின் சான்றுகள். ஒரு பகுதியின் வறுமை விகிதம் இரண்டு வழிகளில் குறையலாம்: ஏழைகளின் வருமானம் உயரலாம், அல்லது ஏழைகளே வெளியேறலாம். பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதைப் பிரித்தறிய வேண்டுமானால் இடத்தை அன்றி மனிதர்களைத் தொடர வேண்டும். வேலை தொடங்குமுன்னரே, உள்வாடகைக்காரர்களையும் ஒண்டிக்குடித்தனங்களையும் விடாமல், வீடு வீடாக ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும். அதில் குடும்பத்தின் அளவு, கொடுக்கும் வாடகை, தொழில், அந்தப் பகுதியில் வாழ்ந்த ஆண்டுகள் ஆகியவை இருந்தால் போதும். குறிப்பிட்ட இடைவெளிகளில் அதே குடும்பங்களைத் தேடிச் சென்று, இன்னும் இருக்கிறார்களா, இல்லையென்றால் எங்கே, ஏன் போனார்கள் என்று குறிக்க வேண்டும். அந்தப் பதிவேடு குடியிருப்போர் அமைப்பின் கையிலேயே இருப்பது நல்லது. திட்டத்தை நடத்துபவரே அதன் வெற்றியையும் அளந்தால் வெளியேறியவர்களின் பக்கங்கள்தான் முதலில் காணாமல் போகும்.